சிசுவின் அழுகையும் அதை ஆற்றும் வகையும்

புதுக்கோட்டை ஜில்லா, குளத்தூர் தாலூகாவைச் சேர்ந்த குன்றாண்டார்கோவில், பாறையைக் குடைந்தெடுத்த சிவாலயத்தினாலும், குதிரைகள் பூட்டிய ரதம்போல் அமைந்த மண்டபத்தினாலும் பெயர் பெற்றது. அதனைச் சூழ்ந்த கிராமங்கள் பெரும்பாலும் மழையையும் கண்மாயையும் நம்பியிருப்பவை. பகலெல்லாம் உழைத்த ஜனங்கள் சற்று ஓய்ந்து உட்காரும் அந்திப்பொழுதில், பிறந்து மூன்று நான்கு வாரமேயான சிசு ஒன்று வீறிட்டு அழத் தொடங்கினால், அவ்வழுகை அந்த ஒரு வீட்டின் காரியமாக நின்றுவிடுவதில்லை. அடுத்த வீட்டுக்காரி வருவாள். எதிர்வீட்டுக் கிழவி வருவாள். உரம் விழுந்திருக்கிறது என்பாள் ஒருத்தி. பட்சி தோஷம் என்பாள் மற்றொருத்தி. தாய்க்குப் பால் போதவில்லை என்று மூன்றாமவள் தீர்மானித்துவிடுவாள். முதற்பிள்ளை பெற்ற இளந்தாயோ, இன்னது செய்வதென்று அறியாமல், தானும் கண்ணீர் விட்டுக்கொண்டு நிற்பாள்.

வருகிறவர்கள் எல்லோரும் நல்லெண்ணத்துடனேயே வருகிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அந்த அரைமணி நேரத்தில் சிசுவின் வாயிலும் மூக்கிலும் எது புகட்டப்படுகிறது, அதன் உடம்பை யார் எப்படிக் கையாளுகிறார்கள் என்பதைப் பொறுத்து, சில வேளைகளில் அதன் உயிரே நிற்கிறது. ஆகையால் அழுகையின் இயல்பை முதலில் அறிந்துகொள்வது அவசியம்.

நோயற்ற சிசுவும் அழும், மிகுதியாகவே அழும். 1962-ம் வருஷத்தில் பிரேஸில்டன் என்னும் அமெரிக்கக் குழந்தை வைத்தியர், 80 குழந்தைகளின் அழுகை நேரத்தைத் தினந்தோறும் தாய்மார்களைக் கொண்டே குறித்து வைக்கச் செய்தார். இரண்டாவது வாரத்தில் அக்குழந்தைகள் நாளொன்றுக்குச் சுமார் ஒன்றேமுக்கால் மணி நேரம் அழுதன. ஆறாவது வாரத்தில் அது இரண்டேமுக்கால் மணியாக உயர்ந்தது. அதன் பின்னர் யாரும் யாதொன்றும் செய்யாமலே குறையத் தொடங்கி, மூன்றாம் மாதத்தளவில் வெகுவாகத் தணிந்தது. அழுகை மிகுந்திருந்த வேளை சாயங்காலமே. தேசந்தோறும் அழுகையின் அளவில் வித்தியாசம் உண்டு. ஆனால் முதல் வாரங்களில் ஏறி, பின்னர் இறங்கும் இப்போக்கு வேறு பல தேசத்துக் குழந்தைகளிடத்தும் காணப்பட்டிருக்கிறது. அழும்போது முகம் சிவந்து, முஷ்டி மடக்கி, கால்களை வயிற்றோடு இழுத்துக்கொள்வதால் பார்ப்பவர்கள் வயிற்றுவலி என்று எண்ணுகிறார்கள். வயிற்றில் காற்று சேர்ந்ததால் அழுகிறது என்பதைவிட, அழுது அழுது காற்றை விழுங்கியதால் வயிறு உப்புகிறது என்பதே பல சமயங்களில் உண்மையாயிருக்கும்.

இதிலிருந்து அறியக்கூடிய முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. சிசு மிக அதிகமாக அழும் ஐந்தாவது ஆறாவது வாரத்தில்தான் வீட்டார் பொறுமையிழந்து பரிகாரம் தேடுகிறார்கள். மந்திரிக்கிறார்கள், உரம் எடுக்கிறார்கள், மருந்து உரைத்துப் புகட்டுகிறார்கள். ஓரிரண்டு வாரங்களில் அழுகை தானாகவே குறைய வேண்டிய காலமும் வந்துவிடுகிறது. பெயர் என்னவோ மந்திரித்தவருக்கும் மருந்துக்குமே போய்ச் சேருகிறது. அடுத்த பிள்ளைக்கும், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் அதையே சிபாரிசு செய்கிறார்கள். பாட்டிமார் பொய் சொல்லுகிறார்கள் என்று இதற்குப் பொருளன்று. தாங்கள் கண்ணாரக் கண்டதையே சொல்லுகிறார்கள். கண்டது குணமானதைத்தான், குணப்படுத்தியது எது என்பதை அல்ல. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு சென்ற பெண், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையுடன் புக்ககம் திரும்புவது வழக்கம். அதற்குள் அழுகை அடங்கியிருக்கும். “எங்கள் வீட்டுக்கு வந்தபின் பிள்ளை அழுவதே இல்லை” என்று மாமியார் பெருமைகொள்வதற்கும் காரணம் இதுவே. பெருமை கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை.

இனி, அழும் சிசுவை எடுத்தவுடன் கவனிக்கவேண்டியவை. முதலாவது பசி. பிறந்த சிசுவின் வயிறு மிகச் சிறியது; ஆகையால் இரவும் பகலுமாக எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் குடிப்பது இயல்பு. மாலை நேரத்தில் அரைமணிக்கு ஒரு தடவை கேட்கும் குழந்தைகளும் உண்டு. இதைக்கொண்டு பால் வற்றிவிட்டது என்று முடிவு செய்யலாகாது. முதல் வாரம் கழிந்த சிசு நாளொன்றுக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறி வருமானால் பால் போதுமென்றே கொள்ளவேண்டும். வாயைச் சப்புதல், தலையைத் திருப்பித் தேடுதல், கையை வாய்க்குக் கொண்டுபோதல் ஆகியவை பசியின் முதற்குறிகள். வீறிட்டு அழுவது கடைசிக் குறி. முதற்குறியிலேயே மார்பில் அணைத்துக்கொண்டால் பாதி அழுகை எழாமலே போகும். குடித்தபின் தோளில் சார்த்தி முதுகை மெல்லத் தட்டி ஏப்பம் விடச் செய்வது நலம்.

பால் குடித்தும் அழுதால் துணியை அவிழ்த்து உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்க்கவேண்டும். ஈரத்துணி உறுத்தலாம். எறும்பு கடித்திருக்கலாம். அரைஞாண் கயிறோ, கைகால்களில் கட்டிய கறுப்புக் கயிறோ இறுகியிருக்கலாம். சிசு வெகு வேகமாகப் பருப்பதால் சென்ற வாரம் தளர்ந்திருந்த கயிறு இவ்வாரம் இறுகிவிடும். தாயின் தலைமயிர் ஓரிழை கால்விரலில் சுற்றிக்கொண்டு, விரல் சிவந்து வீங்குவதும் உண்டு. இது எளிதில் கண்ணுக்குத் தெரியாது. விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தாலன்றிப் புலப்படாது. புதுக்கோட்டைச் சீமையின் கோடையில் வெப்பமும் ஒரு காரணம். அக்கினி நட்சத்திர நாட்களில்கூட, காற்று பட்டுவிடும் என்று அஞ்சிக் குல்லாயும் கம்பளியும் போட்டுச் சிசுவை அடைத்து வைக்கும் வீடுகள் இருக்கின்றன. பிடரியில் கைவைத்துப் பார்த்து வியர்வையாயிருந்தால் ஒரு துணியைக் குறைக்கவேண்டும். தாகமென்று எண்ணித் தண்ணீர் கொடுக்கவேண்டியதில்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு தண்ணீரே. எவ்வளவு கடும் வெயிலிலும் ஆறு மாதம் வரையில் அதுவே போதும்.

இவை யாவும் பார்த்தாகிவிட்டது, குறை ஒன்றும் தென்படவில்லை, அழுகையும் நிற்கவில்லை. அப்பொழுது செய்யத்தக்கது, எடுத்து அணைத்துக்கொண்டு நடப்பதே. “தூக்கிப் பழக்கினால் கீழே இறங்காது” என்னும் பேச்சு இரண்டு மூன்று மாதத்துச் சிசுவுக்குப் பொருந்தாது. 1986-ம் வருஷத்தில் கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் ஹன்ஸிகர், பார் என்னும் இரு வைத்தியர்கள், அழும்போது மட்டுமின்றி அழாத வேளையிலும் குழந்தையைக் கூடுதலாகச் சுமந்திருக்கும்படி சில தாய்மார்களிடம் சொன்னார்கள். ஆறாவது வாரத்தில் அக்குழந்தைகள் மற்றக் குழந்தைகளைக் காட்டிலும் நூற்றுக்கு 43 பங்கு குறைவாக அழுதன. நாள் முழுதும் யாராவது ஒருவர் கையிலோ மடியிலோ பிள்ளை இருந்துவரும் கிராம வழக்கம் இங்கே நெடுங்காலமாக உள்ளதே. எனினும், முன்பே மிகுதியாக அழத் தொடங்கிவிட்ட குழந்தைகளிடம் இவ்வழி அவ்வளவு பயன் தரவில்லை என்று பின்னர் நடந்த பரீட்சையில் தெரிந்தது. ஆகையால் எடுத்து வைத்திருந்தும் பிள்ளை அழுகிறதே என்று எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ளவேண்டியதில்லை.

ஜப்பான் தேசத்து ரைக்கென் ஆராய்ச்சி நிலையத்தார் 2022-ல் வெளியிட்ட வேறொரு குறிப்பும் நடைமுறைக்கு உதவும். அழும் சிசுவை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் ஒரே சீராக நடக்கவேண்டும். உறங்கியபின் உடனே கிடத்திவிடாமல், மடியில் வைத்துக்கொண்டு ஐந்து முதல் எட்டு நிமிஷம் உட்கார்ந்திருந்து, உறக்கம் ஆழ்ந்தபின் கிடத்தவேண்டும். தாயின் உடம்பை விட்டுப் பிரியும் அந்தக் கணத்திலேதான் சிசு விழித்துக்கொள்கிறது என்று அவர்கள் கண்டார்கள். ஆராய்ந்த குழந்தைகள் 21 பேரே. ஆனாலும் பிள்ளை வளர்த்த எவருக்கும் இது புதிய செய்தியாக இராது.

தூளியைப்பற்றிச் சிறிது விரிவாகவே சொல்லவேண்டும். உத்தரத்தில் பழம்புடவையைக் கட்டித் தூளியாக்கி ஆட்டும் வழக்கம் தமிழ்நாடெங்கும் உண்டு. ஓலைக்குடிசையானாலும் மெத்தை வீடானாலும் தூளியில்லாத பிரசவ வீட்டைக் காண்பது அரிது. சீரான ஆட்டமும், துணியின் அணைப்பும், தாலாட்டின் ஒரே ராகமும் சிசுவைச் சாந்தப்படுத்துகின்றன. தால் என்பது நாக்கு. நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு என்று பெயர் வந்தது என்பர். பிள்ளைத்தமிழ் நூல்களில் இதற்கெனத் தாலப் பருவம் என்று ஒரு பகுதியே வகுக்கப்பட்டிருக்கிறது. குரல் நன்றாயிருக்கவேண்டும் என்னும் நிபந்தனை சிசுவுக்குக் கிடையாது. ஆனால் தூளியில் அபாயமும் உண்டு. துணி இருபுறமும் குவிந்து சிசுவின் முகத்தை மூடலாம். முதுகு வளைந்து மோவாய் மார்பில் அழுந்தினால் மூச்சுக்குழல் மடிந்து, சத்தமே இல்லாமல் மூச்சு தடைப்படலாம். ஆகையால் தொட்டிற்கம்பு வைத்துத் துணியை அகலமாக விரித்திருக்கவேண்டும். தரையிலிருந்து உயரம் மிகக் குறைவாயிருக்கவேண்டும். முகம் எப்பொழுதும் கண்ணுக்குத் தெரியவேண்டும். மூத்த பிள்ளைகளிடம் ஆட்டும் வேலையை விட்டுவிட்டு வயலுக்குப் போகலாகாது. அழுகை ஓய்ந்து உறங்கியபின், தலையணையில்லாத சமமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துவதே உத்தமம். இராமுழுதும் தூளியிலேயே விட்டுவைப்பது நன்றன்று.

செய்யத்தகாதவை எவை என்பதற்கு வருவோம். உரம் எடுத்தல் என்பது, சிசுவைப் புடவையில் கிடத்தி இருவர் இருபுறமும் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் உருட்டுவதும், சில இடங்களில் சுளகில் போட்டுப் புடைப்பதுமாகும். கழுத்திலோ தோளிலோ நரம்பு பிசகிவிட்டது, அதனால் அழுகிறது என்பது நம்பிக்கை. சிசுவின் தலை அதன் உடம்புக்கு மிகப் பெரியது. கழுத்தோ அதைத் தாங்கும் பலமற்றது. வேகமாகக் குலுங்கும்போது மூளை மண்டையோட்டுக்குள் அலைக்கப்பட்டு, மெல்லிய இரத்தக் குழாய்கள் அறுபடக்கூடும். வெளியே ஒரு கீறலும் இராது. உள்ளே இரத்தம் கசிந்து, பார்வையையும் அறிவையும் சில வேளை உயிரையும் கொண்டுபோய்விடும். ஜான் காஃபி என்னும் அமெரிக்க வைத்தியர் 1972-ல் இவ்வபாயத்தை விளக்கி எழுதிய பின்னரே உலகமெங்கும் இது உணரப்பட்டது. கோபத்தில் உலுக்குவதானாலும் பரிகாரமென்று உருட்டுவதானாலும் சிசுவின் மூளைக்கு வித்தியாசம் தெரியாது.

அடுத்தது வசம்பு. பிள்ளை வளர்த்தான் என்றும், பேர் சொல்லாதது என்றும் இதற்குப் பெயர். விளக்கில் சுட்டுக் கரியாக்கி, உரைகல்லில் தாய்ப்பாலோடு உரைத்து நாவில் தடவுவார்கள். கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் முதலியவற்றையும் கூட்டி உரைமருந்து என்று புகட்டுவதும் உண்டு. வசம்பில் அஸரோன் என்னும் விஷச்சத்து இருக்கிறது. அது ஓயாத வாந்தியை உண்டாக்கும். அமெரிக்க அரசாங்கம் 1968-லேயே உணவுப் பண்டங்களில் வசம்பு சேர்ப்பதைத் தடைசெய்துவிட்டது. உரைகல்லிலும் உரைக்கும் விரலிலும் உள்ள அழுக்கு வேறு. ஆறு மாதத்திற்குட்பட்ட சிசுவின் வாயில் தாய்ப்பாலும் வைத்தியர் கொடுத்த மருந்தும் தவிர வேறொன்றும் போகலாகாது என்பதைச் சர்க்கரைத் தண்ணீருக்கும், கழுதைப்பாலுக்கும், தேனுக்கும் சேர்த்தே கொள்ளவேண்டும். தேனில் சில வேளை ஒருவகை நச்சுக்கிருமியின் வித்து இருக்கிறது. பெரியவர்களை அது ஒன்றும் செய்யாது, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தசைகளையோ செயலற்றுப் போகச் செய்துவிடும்.

கிரைப் வாட்டர் என்னும் சீசா மருந்தைக் குறித்து அநேகருக்கு அளவற்ற நம்பிக்கை இருக்கிறது. 1851-ல் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்து வில்லியம் உட்வர்ட் என்னும் மருந்து வியாபாரி இதைத் தயாரித்தார். சோடா உப்பு, சதகுப்பைத் தைலம், சர்க்கரை ஆகியவற்றுடன் சாராயமும் அதில் கலந்திருந்தது. பல தலைமுறைக் குழந்தைகள் அதைக் குடித்து உடனே உறங்கியதன் இரகசியத்தில் அச்சாராயத்திற்கும் பங்குண்டு என்று கருதுவது பிழையாகாது. 1990-களில் பிரிட்டனில் அது நீக்கப்பட்டது. இக்காலத்துச் சீசாக்களில் சாராயம் இல்லை. ஆனால் அழுகையைத் தணிக்கும் என்பதற்குத் தக்க ருசுவும் இல்லை. வயிற்றுவலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகள் இதனினும் பொல்லாதவை. டைஸைக்ளோமின் என்னும் மருந்து சேர்ந்த சொட்டுகள் இளஞ்சிசுவின் மூச்சையே நிறுத்தியிருக்கின்றன. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

அழுகையை எவ்விதத்திலாவது அடக்கிவிடவேண்டும் என்னும் ஆத்திரம் எந்த ஒரு தேசத்துக்கும் உரியதன்று. அமெரிக்காவில் 1849 முதல் விற்பனையான வின்ஸ்லோ அம்மையார் பாகு என்னும் குழந்தை மருந்தில் அபினின் சத்தாகிய மார்ஃபின் கலந்திருந்தது. எத்தனையோ குழந்தைகள் உறங்கினவை உறங்கினவையாகவே போயின. பம்பாய் ஆலைகளில் வேலைசெய்த ஸ்திரீகள் தங்கள் சிசுக்களுக்கு அபின் உருண்டை கொடுத்து உறங்கவைத்துவிட்டு வேலைக்குப் போனதை 1920-களில் அங்கு விசாரணை செய்த வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். அத்தாய்மார்கள் கொடியவர்களல்லர், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு கை இல்லாதவர்கள்.

மற்றொரு கை வேண்டுமென்பதே இங்கும் விஷயம். பிரசவித்த பெண்ணுக்குத் தூக்கமில்லை, உடம்பு தேறவில்லை, மாலையில் சமையல் முதலான வேலையும் அவள் தலையிலேயே விழுமானால், ஆறாவது வாரத்தின் அழுகையை அவளால் தாங்க இயலாது. அந்நேரத்தில் உபதேசம் சொல்ல வரும் நால்வரைக்காட்டிலும், பிள்ளையை வாங்கிக்கொண்டு திண்ணையில் அரைமணி உலாவும் ஒருவர் மேலானவர். அவர் பிள்ளையின் தகப்பனாராகவும் இருக்கலாம், அதில் இழுக்கில்லை. உதவிக்கு யாருமில்லாமல், ஆத்திரம் எல்லை கடந்துவிடும்போலத் தோன்றினால், சிசுவைப் பத்திரமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிட்டுச் சில நிமிஷம் வெளியே நின்று மூச்சுவாங்கித் திரும்புவது குற்றமன்று. தாய் எந்நேரமும் அழுதுகொண்டும், உணவில் விருப்பமின்றியும், பிள்ளையைப் பார்க்கவே வெறுப்புற்றும் இருந்தால், அதைப் பேய் பிடித்ததென்று எண்ணாமல் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லவேண்டும். அது சிகிச்சையால் குணமாகும் வியாதி. கூலிவேலையை விட்டிருக்கும் தாய்மார்களின் போஷணைக்கென்று 1987-ல் தொடங்கிய அரசாங்க நிதியுதவித் திட்டம் இன்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் வைத்தியப் பட்டம் பெற்றவர் அவர்.

குளிப்பாட்டும் வேளையில் நடப்பவற்றையும் கவனிக்கவேண்டும். இதமாக எண்ணெய் தடவுவது சிசுவுக்குச் சுகமே. ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் வாய்வைத்து ஊதுவது, வீங்கியிருக்கும் பிஞ்சு மார்பைப் பிழிவது, சாம்பிராணிப் புகையில் தலைகீழாகக் காட்டுவது ஆகியவற்றை நிறுத்திவிடவேண்டும். எண்ணெய் சுவாசப்பைக்குள் இறங்கினால் சளிக்காய்ச்சல் காணும். பிழிந்த மார்பில் சீழ் கட்டும்.

கடைசியாக, அழுகையைவிட அஞ்சவேண்டியது ஒன்றுண்டு: நேற்றுவரை உரக்க அழுத சிசு இன்று முனகுவது. இந்தியாவில் நூறு வருஷங்களுக்கு முன் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று ஒரு வயதுக்குள் இறந்தது. 2020-ம் வருஷக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கு 13 என்னும் அளவுக்கு இது குறைந்திருக்கிறது. மிஞ்சியிருக்கும் இந்த மரணங்களில் பெரும்பங்கு பிறந்து 28 நாளைக்குள் நேருபவை. அவற்றிலும் சிலவற்றுக்குக் காரணம், சாந்தமாக உறங்குகிறது என்று வீட்டார் எண்ணி விட்டுவிட்டதே. பால் குடிக்க மறுத்தல், தட்டி எழுப்பினாலும் அசைவின்மை, நிமிஷத்துக்கு 60 தடவைக்கு மேற்பட்ட மூச்சு, மூச்சிழுக்கும்போது விலாவின் அடி உள்வாங்குதல், வலிப்பு, உடம்பு அனலாய்ச் சுடுதல் அல்லது சில்லிட்டுப்போதல், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சளித்தல், தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் கசிதல் ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதிக்கலாகாது. அழுகையே இவற்றோடு சேர்ந்து, எடுத்தாலும் ஆறாமல், வழக்கமில்லாத கீச்சுக்குரலாக மணிக்கணக்கில் நீடித்தாலும், பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலும் அப்படியே. சூடு போடுகிறவரிடமோ, தொக்கம் எடுக்கிறவரிடமோ போய் ஒரு பகலைக் கழிப்பது அச்சிசுவின் ஆயுளைக் கழிப்பதாகும்.

2008 முதல் தமிழ்நாட்டில் நடந்துவரும் 108 வண்டியை எந்நேரமும் கூப்பிடலாம்; கட்டணமில்லை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதற்சிகிச்சை கிடைக்கும். மேற்கொண்டு வேண்டுமானால் புதுக்கோட்டையில் 2017-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. வண்டி வரும்வரையிலும், வழியிலும், சிசுவின் சட்டையைக் கழற்றித் தாயின் வெறும் மார்போடு நிமிர்த்தி அணைத்து, மேலே புடவையால் போர்த்திக்கொள்ளவேண்டும். மூக்கும் வாயும் மூடப்படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். சப்பக்கூடிய நிலையிலிருந்தால் போகும் வழியிலேயே பால் கொடுத்துக்கொண்டு போகலாம்.